ஏழு வார மாவுக்கட்டு

மடியில் ஒரு தகர டின்னை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். டின் நிறைய பிளாஸ்டர் மாவு. என் மனைவியின் வலது கைக்கு இரண்டாவது முறையாக மாவுக்கட்டு (மூட்டு அசையாதிருக்க, மாவில் தோய்த்த துணியைச் சுற்றிப் போடும் கெட்டிக் கட்டு) போடப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த மாவு ஈரம் கண்டு பழுதாகிவிட்டது. நான் பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால், நல்ல மாவாகக் கொண்டுவரும்படி டாக்டர் என்னிடமே சொல்லியிருந்தார்.

அந்தக் கட்டு அவளுக்கு வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் வேண்டியதில்லை என்பதை டாக்டரிடம் சொல்லாமல் ஐந்து வாரம் கடத்தியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. மூட்டுப் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். குறிப்பாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

நான் விலங்கியலில் பட்டம் பெற்றவன். மருத்துவம் படிக்க விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், பீங்கான் தொழிலில் ஒரு பயிற்சி முடித்து, விருத்தாசலத்தில் ஒரு தொழிற்கூடத்தில் அச்சுப் பிரிவுக்கு மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். எங்கள் அச்சுகள் எல்லாம் பிளாஸ்டர் மாவில் செய்தவை. இரண்டு பாதிகளாக இருக்கும். சேர்த்துக் கட்டி, உள்ளே களிமண் கூழை ஊற்றினால் மாவு நீரைக் குடித்துக்கொள்ளும். ஓரத்தில் மண் தோலாகப் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, படிந்தது இறுகும்வரை பொறுத்திருந்து திறக்க வேண்டும். கோப்பைக்குப் பிடியையும் பொம்மைக்குக் கையையும் தனியாக வார்த்து, கூழைத் தொட்டு ஒட்டுவோம். ஒட்டிய இடம் அசையக்கூடாது. அசைந்தால் சூளையில் விரிசல் விட்டுவிடும்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை அவசரப்பட்டு அச்சுகளைத் திறக்கச் சொன்னதில், ஒரு நாள் வார்ப்பு முழுவதும் என் கண்ணெதிரே சரிந்து உட்கார்ந்தது. எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து எதையும் சீக்கிரம் திறக்காதவன் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

என் மனைவி பெயர் பெரியநாயகி. நாயகி என்று கூப்பிடுவேன். அவள் இன்னொரு கூடத்தில் கோப்பைகளுக்குக் கோடு போடுபவள். சுழலும் சின்னத் தட்டில் கோப்பையை வைத்து, இடது கையால் தட்டைச் சுற்றிவிட்டு, வலது கையில் தூரிகையை அசையாமல் பிடித்தால் விளிம்பைச் சுற்றி நீலக்கோடு ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். அவள் போட்ட கோட்டில் சேர்ந்த இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேகமான கை. வேகமான பேச்சு. வீட்டிலும் எல்லாவற்றையும் நான் பார்ப்பதற்குள் முடித்துவிடுவாள். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது குழந்தை இல்லை. அந்த வீட்டில் நான் எதற்கும் தேவைப்படாதவனாக இருந்தேன்.

பெண்ணாடத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு பாசஞ்சரில் திரும்பியவள், ஜங்ஷனில் இறங்கும்போது தவறி விழுந்தாள். வலது உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்கை இருந்த இடத்தில் முழங்கை இல்லை. பின்புறம் ஒரு மேடாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஊரில் அப்போதிருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். மூட்டு நழுவல் (எலும்பு முனை தன் குழியை விட்டு விலகுவது) என்றார். மயக்கம் கொடுத்து இழுத்துப் பொருத்தி, செங்கோணமாக மடித்து, பின்பக்கம் மட்டும் மாவு வைத்துக் கட்டினார். விலங்கியல் படித்தவன் என்று நான் சொன்னதும் அவர் பேச்சு மாறியது. எலும்புகளின் பெயரைச் சொல்லியே விளக்கினார். சமமானவனாக என்னை நடத்தினார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புறப்படும்போது அவர் சொன்னது ஒன்றுதான். “மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாளும் வேணாம். இங்க கூட்டியாங்க, எடுத்துட்டு அசைக்க ஆரம்பிக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் கட்டைத் தட்டிப் பார்த்தேன். சத்தமே சரியில்லை. ஓரம் உதிர்ந்தது. மட்டமான மாவு. மறுநாள் தொழிற்கூடத்திலிருந்து நல்ல மாவு கொண்டுவந்து, சல்லாத் துணியில் தோய்த்து, டாக்டர் பாதியாக விட்டிருந்ததை நான் முழுச் சுற்றாகச் சுற்றினேன். மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு கைக்கு இதமாக இருப்பதாக நாயகி சொன்னாள். ஈரத்துணியால் தேய்த்து மேற்பரப்பை வழவழப்பாக்கினேன். பீங்கான் போல இருந்தது.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூழ் ஊற்றி வைத்த அச்சு மாதிரி வீடு அசையாமல் கிடந்தது. உள்ளே ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் படிந்துகொண்டிருந்தது. காலையில் அவளுக்குத் தலைவாரிவிடுவேன். சோறு பிசைந்து ஊட்டுவேன். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் சைக்கிளில் வரும்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். வெள்ளை மண் ஏற்றிய லாரிகள் போன பின் தெருவில் மெல்லிய தூசி மிதந்துகொண்டே இருக்கும். வெயில் அதில் நிற்கும். வெகு தூரத்தில் எஞ்சின் கூவும். நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். நான்கு ஆண்டுகளில் பேசாததை எல்லாம் பேசினோம்.

தலைவாரும்போது அவள் மண்டையோட்டைத் தொட்டு, இங்கே எலும்புகள் பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன, இது அசையா மூட்டு என்பேன். முதுகில் விரல் வைத்து, இவை கொஞ்சமே அசைபவை, நடுவில் குருத்தெலும்பு வட்டு இருக்கிறது என்பேன். பிறகு தாராளமாக அசைபவை. தோள், பந்துக் கிண்ண மூட்டு. எல்லாத் திசையிலும் சுழலும். கழுத்தின் மேல் முளை மூட்டு. ‘இல்லை’ என்று தலையாட்ட உதவுவது அதுதான். மணிக்கட்டில் சின்ன எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுபவை. கட்டைவிரலின் அடியில் குதிரைச் சேணம் போன்ற மூட்டு. அதனால்தான் தூரிகை பிடிக்க முடிகிறது. முழங்கை, கீல் மூட்டு. கதவு போல மடங்கும், நீளும். அதோடு சேர்ந்தே இன்னொன்றும் இருக்கிறது, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவதற்கு.

அவள் ஒருநாள் கேட்டாள். “அசையாததுக்கு எதுக்குங்க மூட்டுன்னு பேரு?”

இரண்டு எலும்பு சந்தித்தால் மூட்டுதான், அசைய வேண்டும் என்று கட்டாயமில்லை என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று எனக்கு நாள் நினைவிருந்தது. அவளுக்கும் இருந்தது. “இன்னிக்குத்தானே?” என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், கெட்டிப்படட்டும் என்றேன். சரி என்றாள். நான்காவது வாரத்தில் உள்ளே அரிக்கிறது என்றாள். தென்னங்குச்சியை விட்டுச் சொறிந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் அவள் கேட்கவில்லை.

தொழிற்கூடத்தில் எனக்கு மாவு கரைத்துத் தருபவர் காதர் பாய். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கட்டுக்கு மாவு எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். ஆறாவது வாரம் விசாரித்தார்.

“என்னா சார், இன்னும் தொறக்கலியா? உள்ள புள்ளையாரா வாத்து வெச்சிருக்கீங்க?”

நான் சிரித்தேன். “காயணும் பாய்.”

“மாவு காஞ்சி மாசமாவுது சார். கை காஞ்சிடப் போவுது.”

அதையும் சிரித்தே கடந்துபோனேன்.

ஏழாவது வாரத்தின் கடைசியில், அச்சுகளைச் சீராக்கும் ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டை நனைத்து, இரண்டு பக்கமும் அறுத்துத் திறந்தேன். பழக்கதோஷம். இரண்டு பாதிகளாக அழகாகப் பிரிந்தது. உள்ளே அவள் கையின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. கழற்ற மறந்த ஒற்றை வளையலின் தடம்கூட இருந்தது.

கை, இருட்டில் முளைத்த பயிர் போல வெளுத்து மெலிந்திருந்தது. தோல் செதில் செதிலாக உரிந்தது. மடக்கச் சொன்னேன். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் முயற்சி தெரிந்தது. கை செங்கோணத்திலேயே நின்றது.

“மடக்கிட்டேன்னுதான் எனக்குத் தோணுது” என்றாள். “மடங்கலியா?”

மூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அசையும் மூட்டில் எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும். சுற்றிலும் ஓர் உறை. உறைக்குள் கொஞ்சம் பசைநீர். முட்டை வெண்கரு போன்றது. இதெல்லாம் படித்திருந்தேன். பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது என்பதும் படித்ததுதான். அப்படியானால் அது எதைத் தின்று உயிர்வாழ்கிறது என்று நான் யோசித்ததில்லை. மூட்டு மடங்கி நீளும்போது பசைநீர் அதற்குள் புகுந்து வெளியேறுகிறது. அதுதான் அதன் சாப்பாடு. அசையாவிட்டால் உறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஏழு வாரம் நான் அவளுக்கு ஊட்டினேன். மூட்டைப் பட்டினி போட்டேன்.

அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார்.

மூன்று வாரம் முடிந்த அன்றே எடுத்துவிட்டேன், என்னிடம் கருவி இருந்ததால் வீட்டிலேயே எடுத்தேன் என்றேன். வாயிலிருந்து அது தடையில்லாமல் வந்தது. என்னைச் சமமாக நடத்திய ஒருவர் முன்னால் முட்டாளாக நிற்க எனக்கு மனமில்லை. நாயகி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு பொய் மருத்துவரின் கண்ணை எப்படித் திருப்பிவிடும் என்பதை நோயாளியின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றே வாரக் கட்டில் இவ்வளவு இறுக்கம் வராதே என்று அவர் குழம்பினார். கடலூருக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் முழங்கையைச் சுற்றி எலும்பு சாயம் போனது போல் மங்கலாக இருந்தது. அசைவில்லாமல் நெடுநாள் கிடந்தால் எலும்பு அப்படி மங்கும். ஆனால் நெடுநாள் கிடக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தேன். அவளுடைய அப்பா காசநோயில் இறந்தவர் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சேர்த்து, மூட்டுக் காசநோயாக (காசக் கிருமி நுரையீரலை விட்டு மூட்டில் தங்குவது) இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அவரிடம் இருந்த விவரத்துக்கு அது நியாயமான முடிவு.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. விழுங்க மாத்திரைகள். கையை அசைக்கவே கூடாது, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட வேண்டும். நான் தலையாட்டினேன்.

நான்காவது வாரம் அவளுக்குக் காதில் ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. வண்டு என்றாள். பிறகு தலைசுற்றல். உட்காதில்தான் நம்மை நேராக நிற்கவைக்கும் உறுப்பு இருக்கிறது. அந்த மருந்து சிலருக்கு அதைக் கெடுத்துவிடும். ஒரு மாலை பழமலைநாதர் கோயிலுக்குப் போனபோது, எனக்கு இரண்டடி பின்னால் வந்தவள் வெளி மதிலைத் தொட்டுக்கொண்டே நடப்பதைக் கவனித்தேன். மதில் முடிந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“தரை படகு மாதிரி இருக்குதுங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ கனவைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் கழித்துதான் அந்த டின் என் மடிக்கு வந்தது. ஊசியில் முன்னேற்றம் இல்லை, முழுக் கட்டாகப் போட்டு ஆறு மாதம் விட்டுவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்திருந்தார்.

ஆறு மாதம் கிடந்தால் அந்த மூட்டு இனி மூட்டாக இருக்காது. மண்டையோட்டின் பல் பொருத்தம் போல ஆகிவிடும். செங்கோணத்தில் நின்றுபோன கை வாய்க்கு எட்டாது. வாழ்நாள் முழுவதும் தன் வலது கையால் ஒரு கவளம் சாப்பிட முடியாது. எனக்கு இது தெரியும். நடையின் கடைசியில் ஒரு சன்னல் இருந்தது. வெளிச்சம் தரை முழுவதும் பால் கொட்டியது போலக் கிடந்தது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

மாவைக் கரைப்பதும் நான்தான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, மாவைக் கையால் தூவ வேண்டும். தண்ணீரை மாவில் ஊற்றக்கூடாது. தூவிய மாவு மேலே தீவு தீவாக மிதந்து, நனைந்து, மூழ்கும். பிறகு குச்சியால் மெதுவாகக் கலக்க வேண்டும். கலக்கிய பின் சில நிமிடம்தான் அவகாசம். அதற்குள் வேலையை முடிக்காவிட்டால் மாவு நம் சொல் கேட்காது. அந்த அவகாசத்தின் அளவு என் விரல்களுக்குத் தெரியும். டாக்டர் துணிச்சுருளை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நர்ஸ் அம்மா நாயகியின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் கலக்கிக்கொண்டே இருந்தேன். கூழ் கனத்தது. கிண்ணம் லேசாகச் சூடாயிற்று.

“போதும், குடுங்க” என்றார் டாக்டர்.

“சார், கட்ட மூணு வாரத்துல எடுக்கல” என்றேன். “ஏழு வாரம் வெச்சிருந்தேன். மேல நானே கம்பெனி மாவையும் சுத்தினேன்.”

அவர் துணிச்சுருளைக் கீழே வைத்தார். “எத்தனை?”

“ஏழு சார்.”

அவர் நாயகியைப் பார்த்தார். “ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா?”

“அவரு சொல்லுவாருன்னு இருந்தன் சார்.”

நர்ஸ் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. “தெனம் ஊசி குத்தினது நானு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? செவுத்தப் புடிச்சிக்கிட்டு வருது இது. மாவு மேல அப்படி என்னா ஆசைங்க உங்களுக்கு?”

டாக்டர் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கிண்ணத்திலிருந்து எடுக்கப் பார்த்தார். மாவு இறுகிவிட்டிருந்தது. குச்சியோடு கிண்ணமும் சேர்ந்து வந்தது. அதை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, “படிச்சவரு நீங்க” என்றார். “படிக்காதவன்னா மொத நாளே எல்லாத்தையும் கொட்டியிருப்பான்.”

அன்றே ஊசி நின்றது.

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மணிமுத்தாற்றுப் பாலத்தில், கீழே மணல் வெள்ளையாக விரிந்து கிடந்தது. ஏன் திறக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். நன்றாகக் காயட்டும் என்றுதான், தொழில் புத்தி என்றேன். அது பாதிதான் உண்மை. அவள் சரி என்றாள்.

பயிற்சி தொடங்கியது. டாக்டர் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னார். எண்ணெய் போட்டு உருவக்கூடாது. வேறு யாரும் பிடித்து இழுத்து வளைக்கவும் கூடாது. முழங்கையை முரட்டுத்தனமாக வளைத்தால் சதைக்குள்ளேயே எலும்பு முளைத்துவிடும். அவளேதான் அசைக்க வேண்டும், வலி தொடங்கும் இடம்வரை, ஒரு நாளைக்குப் பல முறை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கை எதுவும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கான வைத்தியம் என்று புரிந்துகொள்ள நாளாயிற்று.

அவள் ஒரு காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். விளிம்பில் அவளே போட்ட நீலக்கோடு இருந்தது. வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு, அந்தக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முயல்வாள். முதல் வாரம் அது ரவிக்கையின் இரண்டாவது கொக்கியில் நின்றது. ஒரு மாதம் கழித்து முதல் கொக்கி. பிறகு கழுத்தெலும்பு. அங்கேயே வெகு நாள் நின்றது. கூடத்தில் சுவரோரம் அவள் கண்ணை மூடி உட்கார்ந்து, கோப்பையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருப்பாள். சில நாட்களில் எழுந்ததும், கனவில் கை தோளைத் தொட்டுவிட்டது என்று சொல்வாள். சொல்லிவிட்டுக் கையைப் பார்ப்பாள். எனக்கும் கனவுகள் வந்தன. நான் ஓர் அச்சைத் திறக்கிறேன். உள்ளே வார்ப்பு எதுவும் இல்லை. ஒரு கையின் வடிவில் வெற்றிடம் மட்டும் இருக்கிறது.

மழைக்காலம் வந்து போயிற்று. தை மாதத்தில் ஒரு காலை, அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். கோப்பையில் டீ இருந்தது. காலிக் கோப்பை அல்ல. தலையைக் கொஞ்சம் குனிந்து, கையைக் கொஞ்சம் தூக்கி, நீலக்கோட்டில் உதடு வைத்து ஒரு வாய் குடித்தாள். புடவையில் சிந்தியது. இன்னொரு வாய் குடித்தாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

அன்று மத்தியானம் பரணில் நான் ஒளித்து வைத்திருந்த கட்டின் இரண்டு பாதிகளையும் எடுத்துவரச் சொன்னாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வலது கையில் குழவியைப் பிடித்து, எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்கி, முற்றத்தில் வைத்து இரண்டையும் உடைத்தாள். தூளை முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

கை முழுதாக நீளவில்லை. இன்றும் நீளாது. ஆனால் சாப்பிட முடிந்தது, பின்னிக்கொள்ள முடிந்தது. காதில் வண்டு சில மாதங்களில் போய்விட்டது. தலைசுற்றல் போகவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு போட முழங்கை அசைய வேண்டியதில்லை. அசையாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு நல்லது. பிடித்துக்கொண்ட கையோடே அவள் பழைய மாதிரி, இன்னும் நேர்த்தியாகக்கூடக் கோடு போட்டிருப்பாள். ஆனால் தட்டு சுழன்றதும் அவளுக்கு அறையே சுழன்றது. மூன்று நாள் முயன்றாள். மூன்றாம் நாள் தூரிகையைக் கழுவி, துடைத்து, மேசையில் வைத்துவிட்டு வந்தாள். கட்டால் அவள் இழந்தது கையின் நீளத்தில் கொஞ்சம். வேலை போனது கட்டினால் அல்ல, என் பொய்யினால். ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கணக்கை நான் எப்படி மாற்றிப் போட்டாலும் விடை அதுதான்.

இப்போது எனக்குத் தோள் உறைந்துவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு வருவது. பந்துக் கிண்ண மூட்டின் உறை தடித்துச் சுருங்கிக்கொள்வது. எல்லாத் திசையிலும் சுழலும் என்று நான் அவளுக்குப் பெருமையாகச் சொன்ன அதே மூட்டு. வலது கையைத் தட்டிலிருந்து தூக்கினால் பாதி வழியில் யாரோ பிடித்து நிறுத்துவது போல் இருக்கிறது. ஸ்பூன் கொடுத்தால் இடது கையால் சாப்பிடலாம். அவள் கொடுப்பதில்லை.

எழுபத்தெட்டு வயதில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சோற்றைப் பிசைந்து என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். ஊட்டுவதில்லை. எங்கள் மருமகள் ஒருநாள், பாவம், ஊட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அசையட்டும் என்றாள் நாயகி.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். அந்தக் கட்டைத் திறக்காமல் வைத்திருந்தது மாவு காய்வதற்காக மட்டும் அல்ல. உனக்கு ஊட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. திறந்தால் நீ மறுபடியும் என்னைத் தேடமாட்டாய் என்று பயந்தேன்.

தட்டின் மேல் பறந்த ஈயை அவள் வளைந்த கையால் ஓட்டினாள்.

“தெரியும்” என்றாள். “ஊட்டறப்ப உங்க மூஞ்சியப் பாத்தவதானே நானு. அதான் நாலாவது வாரத்துக்கு மேல கேக்கல.”

பிறகு, “சாப்புடுங்க, ஆறுது” என்றாள்.

நாட்களையும் வாரங்களையும் எண்ணித் திறக்கப் பழகியவன் நான். இப்போது என் காலம் ஒரு கவளத்தின் நீளம். கை தட்டை விட்டுக் கிளம்புகிறது. முதல் சட்டைப் பொத்தானைத் தாண்டுகிறது. தோளுக்குள் ஏதோ மெல்லக் கிழிவது போலவும், மெல்ல நனைவது போலவும் இருக்கிறது. வெளியே ஒரு ரயில் வந்து, நின்று, போய்விடுகிறது. கை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எதிரே அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வாய் திறக்கும்போது, தனக்கே தெரியாமல், அவளும் கொஞ்சம் வாயைத் திறக்கிறாள்.